பட்டம் வாங்கியாச்சு, படிப்பு முடிந்ததா?

(முன்னாள் மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, "பதினைந்து நிமிஷம் பேசுங்க, தலைப்பை நீங்களே வச்சுக்குங்க" என்றார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவனிடம் தலைப்பை விட்டுவிடுவது, ஆட்டின் முன்னால் அகத்திக்கீரைக் கட்டை அவிழ்த்துப் போடுவது மாதிரி. தலைப்பைப் பிடித்துக்கொண்டேன். நிமிஷக் கணக்குக்கு மட்டும் என்னால் உத்தரவாதம் தர முடியாது.

நான் 1982-லிருந்து 1985 வரை இங்கே வேதியியல் படித்தவன். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள். அதன்பின் பி.எட். முடித்து, புதுக்கோட்டை மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் வாத்தியார் வேலை பார்த்து, 2024-இல் ஓய்வு பெற்றேன். ஆகவே நான் பேசப்போவது பெரிய தத்துவம் எதுவும் இல்லை. கரும்பலகைக்கும் பெஞ்சுக்கும் நடுவில் நின்று பார்த்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் எழுதினார் என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்தடுத்து என்ன வைத்தார் என்று பாருங்கள். நாற்பதாவது அதிகாரம் கல்வி. அடுத்தது கல்லாமை. அதற்கடுத்தது கேள்வி. அதன் பிறகுதான் அறிவுடைமை. கல்வியிலிருந்து நேராக அறிவுக்குப் போய்விடலாம் என்று அவர் சொல்லவில்லை. நடுவில் இரண்டு படி வைத்திருக்கிறார். கல்லாதவர் நிலையை எண்ணிப் பார்ப்பது ஒரு படி. பிறர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது இன்னொரு படி. இதற்கு உரையாசிரியர்கள் வேறு காரணம் சொல்லலாம். வாத்தியாராக எனக்குத் தோன்றிய காரணம் இது.

என்னைக் கேட்டால், படித்தவன் மூன்று இடத்தில் தன் படிப்பைக் காட்ட வேண்டும். பக்கத்து மனிதரிடம், காலடி மண்ணிடம், தன் மனத்திடம். மனிதர், மண், மனம். சமூக நீதி, சுற்றுச்சூழல், மனநலம் என்று இன்றைய கருத்தரங்குகளில் மூன்று தனித்தனி அமர்வாகப் போடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் மூன்றும் தனித்தனியாக வருவதில்லை. ஒரே பையனின் உருவத்தில் சேர்ந்து வரும். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

மனிதர்

தமிழ்நாட்டில் கல்வி வளர்ந்த கதையை எழுதினால் பாதி அத்தியாயம் சாப்பாட்டைப் பற்றித்தான் இருக்கும். 1920-இல் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டது. 1956-இல் காமராசர் ஆட்சியில் அது மாநிலத் திட்டமானது. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022 செப்டம்பரில் காலை உணவும் தொடக்கப் பள்ளிக்கு வந்தது. இந்த நாலு ஆண்டுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். பசித்தவனுக்கு 'கல்வி எல்லாருக்கும் பொது' என்று சொல்வதில் அர்த்தமில்லை. கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது. உள்ளே வர அவனுக்குத் தெம்பு இருக்க வேண்டும்.

நான் என் கண்ணால் பார்த்த பெரிய பாடம் அறிவொளி இயக்கம். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அது தொடங்கியபோது நான் இளம் ஆசிரியர். மாவட்ட ஆட்சியராக ஷீலா ராணி சுங்கத் இருந்தார். ராத்திரி ஏழு மணிக்கு மேல், களையெடுத்துவிட்டு, கல்லுடைத்துவிட்டு வந்த பெண்கள் அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்காருவார்கள். சிலேட்டைப் பிடித்த விரல்களில் காய்ப்பு இருக்கும். 'அ' எழுதிப் பழக எத்தனையோ நாள் ஆகும். ஆனால் ஒரு வருஷத்துக்குள், 1992-இல், அதை முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவித்தார்கள்.

அதைவிடப் பெரிய அதிசயம் சைக்கிள். எழுத்தோடு சேர்த்துச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுப்பது என்று முடிவானது. முதலில் கேலிதான். "பொம்பளை சைக்கிள் ஓட்டினா ஊர் தாங்குமா?" என்று டீக்கடையில் கேட்டார்கள். அந்தப் பெண்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை, ஓட்டிக் காட்டினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். பெண்கள் சைக்கிள் கடையில் கிடைக்காமல் போனபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். கேட்டால், "நடுவுல கம்பி இருக்குல்ல, அதுல பிள்ளையை உக்கார வச்சுக்கலாம்" என்றார்கள். வாங்குவதற்கு வங்கிக் கடனுக்கும் வழி செய்யப்பட்டது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை நேரில் வந்து பார்த்து எழுதி, நாடெங்கும் தெரிய வைத்தார்.

எழுத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இருக்கிறது. அதுவரை அந்தப் பெண் சந்தைக்குப் போக பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அப்பனையோ அண்ணனையோ புருஷனையோ கெஞ்ச வேண்டும். சைக்கிள் வந்ததும் தானே கிளம்பினாள், தானே விற்றாள், காசைத் தானே எண்ணி வாங்கினாள். கல்குவாரிகளில் கொத்தடிமைபோல் கிடந்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரிக் குத்தகையையே எடுத்தார்கள். எழுத்து கண்ணைத் திறந்தது; சைக்கிள் காலைத் திறந்துவிட்டது. படிப்பு என்பது ஒருவரை நகர வைக்க வேண்டும். உட்கார்ந்த இடத்திலேயே உட்கார வைத்தால் அது படிப்பில்லை.

இனி இன்றைக்கு வருவோம். 2021–22-ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் நூறுக்கு 28.4 என்பது நாட்டின் சேர்க்கை விகிதம். தமிழ்நாட்டுக்கு 47. பெருமைப்பட வேண்டிய கணக்கு. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022-லிருந்து புதுமைப் பெண் திட்டம், ஆண்களுக்கு 2024-லிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டம் என்று மாதம் ஆயிரம் ரூபாயும் கல்லூரிக்கு வரும்போது கிடைக்கிறது.

ஆனால் சேர்வது வேறு, நிலைப்பது வேறு. நம் கல்லூரியில் முதலாம் ஆண்டு சேர்ந்த பிள்ளைகளில் சிலர் இரண்டாம் ஆண்டு வருகைப் பதிவேட்டில் இல்லை. பேராசிரியர்களைக் கேட்டேன். பெரிய காரணம் எதுவும் இல்லை என்றார்கள். விடுதி மெஸ் முன்பணம் கட்ட முடியாதது, ஆங்கிலத்தில் பாடம் புரியாதது, இரண்டு அரியர் விழுந்ததும் 'நமக்கு இது சரிப்படாது' என்று தானே முடிவு கட்டியது, கடைசி பஸ் ஆறரை மணிக்குப் போய்விடுவது. இப்படிச் சில்லறைக் காரணங்கள். பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு இவை சில்லறை. முதல் தலைமுறைப் பிள்ளைக்கு இவைதான் மலை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உதவி செய்கிற விதத்திலும் அநீதி உண்டு. நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில், "உதவித்தொகை வாங்குறவங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் சொல்வது வழக்கம். அறுநூறு பேர் முன்னால் அந்தப் பிள்ளைகள் நிற்பார்கள். பக்கத்தில் இருப்பவன் அவர்கள் சாதியைக் கணக்குப் போடுவான். நான் தலைமையாசிரியரானதும், என் பள்ளியில் வகுப்பாசிரியர் தனியாகக் கூப்பிட்டுப் படிவம் கொடுப்பது என்று மாற்றினேன். ஒரு பைசா செலவில்லை. ஆனால் அந்த வருஷம் படிவம் வாங்க வராத பிள்ளை ஒருவர்கூட இல்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நன்றாகப் படித்த ஒரு பட்டியலின மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள், அவர் படித்த அதே பள்ளிப் பையன்கள். அதன் பிறகுதான் அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது; 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் கட்டும் சாதிக் கயிறு முதல் பள்ளிப் பெயரில் இருக்கும் சாதிப் பெயர் வரை அதில் பேசப்பட்டிருக்கிறது. வெட்டியவர்களும் நம்மைப் போன்ற வாத்தியார்களிடம் பாடம் கேட்டவர்கள்தான். 'தீண்டாமை ஒரு பாவச்செயல்' என்று புத்தகத்தின் முதல் பக்கத்தில் அச்சடித்திருந்தால் போதும் என்று இருந்துவிட முடியாது என்பதை அந்த ஊர் நமக்குச் சொல்லிவிட்டது. பெஞ்சில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், விடுதியில் யார் தட்டில் யார் கை வைக்கிறார்கள், அங்கேதான் சமூக நீதிப் பாடம் நடக்கிறது.

மண்

சுற்றுச்சூழல் கல்வியை எல்லா நிலையிலும் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இல் சொன்னது. கல்லூரிகளில் இளநிலை மாணவர் அனைவருக்கும் அந்தத் தாள் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நம் பிள்ளைகள் அதை எப்படிப் படிக்கிறார்கள்? முந்தின நாள் ராத்திரி, கைடு வாங்கி. ஓசோன் படலத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று கேட்டால் சரியாக அண்டார்க்டிகா என்று எழுதுவார்கள். விடுதிக்குப் பின்னால் இருக்கும் ஊருணிக்குத் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று கேட்டால் தெரியாது. குறை சொல்லவில்லை. நாம் கேட்டதே இல்லையே!

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய், குளங்கள் இருக்கின்றன. பெரிய ஜீவநதி எதுவும் இல்லாத மண். பெய்கிற மழையைப் பிடித்து வைத்தால்தான் சோறு. ஒரு கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழிந்தால் அடுத்த கண்மாய்க்குப் போகும். அது வழிந்தால் அதற்கடுத்தது. சங்கிலி மாதிரி. குளத்துக்குள் கல்லால் கட்டிய குமிழித் தூம்பை இன்றும் பார்க்கலாம்; சிலவற்றில் செய்து கொடுத்தவர் பெயரைக் கல்வெட்டாகவே பொறித்திருக்கிறார்கள். ஆழத் தண்ணீரில் முங்கி அந்த மடையைத் திறக்கிற ஆளுக்கு உயிர் போகிற வேலை. அவரை 'மடையர்' என்பார்கள், அதிலிருந்துதான் நாம் திட்டுகிற சொல் வந்தது என்று எங்கள் பக்கத்தில் சொல்வதுண்டு. அது சரியோ தப்போ தமிழ்த்துறைதான் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு பையனை "மடையா" என்று வாய் வரும்போதெல்லாம், ஊருக்கே தண்ணீர் விட்டவன் பேர் அது என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

எங்கள் பள்ளிக்கு அருகில் ஒரு கண்மாய் மூன்று மழைக்கும் நிரம்பவில்லை. மழை குறைவு என்று எல்லோரும் சொன்னார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு வேலை செய்யச் சொன்னேன். "வரத்து வாரியைப் பின்னால் நடந்துபோய்ப் பார்த்து, படம் போட்டுக் கொண்டு வாங்க." ஊரில் மடை திறந்த குடும்பத்துப் பெரியவர் ஒருவர் கூட வந்தார். பள்ளிக்கூட வாசலே மிதிக்காதவர். அவர் கம்பை ஊன்றிக்கொண்டு முன்னால் நடக்க, பிள்ளைகள் நோட்டோடு பின்னால் நடந்தார்கள். வாரி ஓரிடத்தில் ரோட்டுக்கு அடியில் மண்மூடிக் கிடந்தது. இன்னோரிடத்தில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. மேட்டில் பழைய காடு போய்த் தைலமரம் வந்திருந்தது. பிள்ளைகள் போட்ட படத்தை ஊராட்சிக் கூட்டத்தில் கொடுத்தோம். அடைப்பை எடுத்தார்கள். அடுத்த ஐப்பசியில் முக்கால் கண்மாய் தண்ணீர். ஒரே ஒரு வரைபடம் செய்த வேலை! கணக்கு, புவியியல், வரலாறு, தமிழ் எல்லாம் அதில் இருந்தன. எல்லாவற்றையும்விட, படிக்காத ஒருவரிடம் படித்தவன் கைகட்டிக் கேட்டதும் அதில் இருந்தது.

2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வந்தது. ஒரே ராத்திரியில் தென்னை, பலா, மா எல்லாம் சாய்ந்தன. இருபது வருஷத்துத் தென்னை ஒவ்வொன்றும் அந்த வீட்டில் சம்பாதிக்கிற ஒரு பிள்ளை மாதிரி. அந்த அழிவுக்குப் பிறகுதான் 2019-இல் பக்கத்துப் பேராவூரணியில் இளைஞர்கள் ஒன்றுகூடி, ஊர்க்காரர்கள் காசு போட்டு, பெரிய குளத்தைத் தூர்வாரினார்கள். படித்த பிள்ளைகள்தான் முன்னால் நின்றார்கள். மண் விழுந்தால் மனிதன் விழுவான், மனிதன் எழுந்தால் மண்ணையும் தூக்கி நிறுத்துவான் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது.

மனம்

முன்னே சொன்ன பையன் கதைக்கு வருகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம்.

கஜா வந்து இரண்டு மாதம் இருக்கும். பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வு நெருங்குகிறது. மாவட்டமே தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரம். ஒருநாள் மதியம் சத்துணவு அமைப்பாளர் அம்மா என் அறைக்கு வந்தார். "சார், அந்தப் பய மூணு நாளா தட்டை வாங்குறான். சாப்பிடாமயே கழுவி வச்சுட்டுப் போறான். பாத்தா நல்லாயில்ல சார்" என்றார். பாடம் நடத்திய ஐந்து ஆசிரியர்களுக்கும் தெரியவில்லை. மதிப்பெண் பதிவேட்டில் தெரியவில்லை. சோறு போட்ட கைக்குத் தெரிந்தது.

தமிழாசிரியை அவனை நூலகத்தில் புத்தகம் அடுக்கக் கூப்பிட்டார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. அவர் ஓர் அலமாரி, அவன் ஓர் அலமாரி. இரண்டாம் நாள் அவனே பேசினான். வீட்டில் இருந்த தென்னை அத்தனையும் போய்விட்டது. அப்பா ராத்திரியில் தூங்குவதில்லை. பரீட்சை எதற்கு, திருப்பூர் போய்ப் பனியன் கம்பெனியில் சேர் என்கிறார். தூக்கம் இவனுக்கும் போய்விட்டது. "நான் இருக்கிறதே வீட்டுக்குப் பாரம் டீச்சர்" என்றானாம்.

அந்தச் சொல்லைக் கேட்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது. அன்று மாலையே அவன் வீட்டுக்குப் போனோம். அப்பாவைத் திட்டப் போகவில்லை. அவரும் உடைந்துபோன மனிதர்தான். சாய்ந்த மரத்தின் மேல் உட்கார்ந்து அவர் பேசப் பேசக் கேட்டோம். நிவாரண விண்ணப்பம் ஏன் நின்றிருக்கிறது என்று பார்த்து, காகிதத்தைச் சரிசெய்து கொடுத்தோம். மறுநாள் பையனை அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் அவன் அம்மா, டீச்சர் இருவருமாகக் கூட்டிப் போனார்கள். சில மாதம் சிகிச்சை. அவன் பரீட்சை எழுதினான், தேறினான், பட்டயப் படிப்பு முடித்து இன்றைக்கு வேலையில் இருக்கிறான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தப் பையனுடைய பிரச்சினை சமூக நீதியா, சுற்றுச்சூழலா, மனநலமா? மரம் விழுந்தது மண்ணின் கதை. விழுந்ததும் கைகொடுக்கச் சேமிப்பும் ஆளும் இல்லாதது மனிதர் கதை. அதெல்லாம் போய் இறங்கிய இடம் ஒரு பதினைந்து வயசுப் பிள்ளையின் மனம். ஒன்றை மட்டும் சரி பண்ணியிருந்தால் அவன் தப்பியிருக்க மாட்டான். மாத்திரை மட்டும் கொடுத்தால் வீட்டுக் கவலை தீராது. நிவாரணம் மட்டும் வந்திருந்தால் போன தூக்கம் திரும்பி வந்திருக்காது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தங்கள் உயிரைத் தாங்களே முடித்துக்கொண்டார்கள். ஒரு நாளைக்கு முப்பத்தைந்துக்கும் மேல். ஒரு வகுப்பறை! இதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. தேர்வு மட்டுமே காரணம் என்று சொல்வதும் சரியில்லை. ஆனால் நேரத்தில் கை நீட்டினால் காப்பாற்ற முடிந்தவர்கள் அவர்களில் பலர் என்பது மட்டும் உண்மை. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. நூறு அல்லது அதற்கு மேல் மாணவர் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. 2022-லிருந்து இருக்கிறது, எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். பிள்ளைகளே, இந்த எண்ணை இப்போதே செல்போனில் போட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் அறை நண்பனுக்குத் தேவைப்படும்.

நம் ஊரில் இன்னும் ஒரு பயம் இருக்கிறது. மனநல மருத்துவரைப் பார்த்தால் 'பைத்தியம்' என்று பட்டம் கட்டிவிடுவார்கள் என்ற பயம். காய்ச்சல் வந்தால் வெட்கப்படுகிறோமா? மனம் வாடினால் மட்டும் ஏன் வெட்கம்? வள்ளுவர் கல்விக்குப் பிறகு 'கேள்வி' வைத்ததை இங்கேதான் நினைக்கிறேன். எல்லோரும் மருத்துவராக முடியாது. எல்லோரும் காது கொடுக்க முடியும்.

என் வேண்டுகோள்

இப்போது கொஞ்சம் வம்பான பகுதி. பொருளாளர் என்னை மன்னிக்க வேண்டும்.

நம் சங்கம் கல்லூரி முகப்பில் ஒரு நினைவு வளைவு கட்டுவதற்காகப் பணம் திரட்டியிருக்கிறது. நானும் என் பங்கைக் கட்டியிருக்கிறேன். ரசீது பத்திரமாக இருக்கிறது. வளைவு அழகுதான். அதில் நம் பெயர் பொறித்தால் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டலாம். வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வளைவுக்குள் நுழைகிற பிள்ளை மூன்று வருஷம் கழித்துப் பட்டத்தோடு வெளியே வர வழி செய்துவிட்டு, அப்புறம் வளைவு கட்டலாமே! மாலைப் பொதுக்குழுவில் மூன்று வேலைகளை முன்மொழியப் போகிறேன்.

ஒன்று: கைமாற்று நிதி. மெஸ் முன்பணம், தேர்வுக் கட்டணம், பஸ் செலவு என்று முட்டிக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கு, இரண்டே நாளில், பெயர் வெளியே தெரியாமல், துறைத்தலைவர் கையெழுத்தில் கிடைக்க வேண்டும். மேடை ஏற்றிக் காசோலை கொடுத்துப் போட்டோ எடுக்கிற வேலை கூடாது. வேலைக்குப் போனதும் முடிந்தால் திருப்பித் தரட்டும்; முடியாவிட்டால் அடுத்தவருக்குச் செய்யட்டும். கூடவே, ஆங்கிலத்துக்குத் தடுமாறும் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மாலையில் ஒரு மணி நேரம். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நாம் பத்துப் பேர் இந்த அரங்கிலேயே இருக்கிறோம்.

இரண்டு: விடுதி ஊருணி. நாம் குளித்த ஊருணி, இன்று பிளாஸ்டிக்கும் ஆகாயத்தாமரையுமாகக் கிடக்கிறது. பொக்லைன் கொண்டுவந்து ஒரே நாளில் தோண்டிப் போட்டோ பிடிப்பது வேண்டாம். முதலில் இயற்பியல் பிள்ளைகள் மட்டம் பார்க்கட்டும். தாவரவியல் எது அயல் செடி, எது நம் செடி என்று சொல்லட்டும். வேதியியல் தண்ணீரைச் சோதிக்கட்டும். வரலாற்றுத் துறை ஊர்ப் பெரியவர்களிடம் போய் வரத்து வாரி எங்கே ஓடியது என்று கேட்கட்டும். அதன் பிறகு உரிய அனுமதி வாங்கித் தூர்வாரலாம். அந்தப் பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் தாளுக்குக் கைடு தேவைப்படாது.

மூன்று: கேட்கும் அறை. முழு நேரமாக இல்லாவிட்டாலும் வாரத்தில் மூன்று நாளாவது தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவர். நிர்வாகத்தோடு பேசி, முதல் இரண்டு வருஷச் சம்பளத்தைச் சங்கம் ஏற்கலாம். அறை அலுவலகத்துக்கு எதிரே இருக்கக் கூடாது. நூலகத்துக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் போகிற இடத்தில் இருக்க வேண்டும். பேசியது வெளியே வரக் கூடாது. விடுதிச் சமையலறை அண்ணன்களுக்கும் காவலாளிக்கும் அவர் ஒருநாள் பயிற்சி கொடுக்க வேண்டும். தட்டைக் கழுவி வைக்கிற பிள்ளையை முதலில் பார்ப்பது அவர்கள்தான்.

"இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை ஐயா" என்று என் நண்பர் ஒருவர் காலையிலேயே சொன்னார். ஒப்புக்கொள்கிறேன். அரசாங்கத்தைக் கேட்கவும் வேண்டும், விடக்கூடாது. ஆனால் முன்பணம் கட்ட முடியாமல் பெட்டியைத் தூக்கும் பிள்ளை திங்கட்கிழமை பஸ் ஏறிவிடும். அரசாணை அந்தத் திங்கட்கிழமைக்குள் வராது. "கல்லூரி பாடத்தைப் பார்க்கட்டும், மார்க் வரட்டும், மற்றதெல்லாம் அப்புறம்" என்று இன்னொருவர் சொன்னார். வயிறும் மனமும் காயும்போது மார்க் எங்கிருந்து வரும்? பாடத்தைப் பார்ப்பதற்காகத்தான் இத்தனையும் சொல்கிறேன்.

மாணவச் செல்வங்களே, உங்களிடமும் மூன்றே மூன்று. உங்கள் பக்கத்து பெஞ்சுக்காரர் என்ன சாதி என்று கேட்காதீர்கள். மதியம் சாப்பிட்டாரா என்று கேளுங்கள். ஊருக்குப் போகிறபோது உங்கள் ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒரு பெரியவரிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். நண்பன் இரண்டு நாள் பேசாமல் இருந்தால் "சீன் போடுறான்" என்று விட்டுவிடாமல், டீ குடிக்கக் கூட்டிப் போங்கள். அவன் சொல்வது உங்களுக்குப் பயமாக இருந்தால் தனியாகச் சுமக்காதீர்கள். அன்றைக்கே ஓர் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

நண்பர்களே, நாம் பட்டம் வாங்கியாச்சு. சட்டம் போட்டுச் சுவரிலும் மாட்டியாச்சு. நம் படிப்புக்கு யார் யாரோ கட்டிய வரியில்தான் இந்தக் கட்டடமும் விடுதியும் உதவித்தொகையும் வந்தன. அவர்களில் பலர் இந்த வாசலைப் பார்த்ததே இல்லை. அந்தக் கணக்கு இன்னும் நேராகவில்லை. மாலை நாலு மணிக்குப் பொதுக்குழு. சாப்பாடு முடிந்ததும் கண் சொக்கும், பஸ்ஸைப் பிடிக்கத் தோன்றும். தயவுசெய்து இருந்து, கையைத் தூக்கிவிட்டுப் போங்கள். எதிர்த்துத் தூக்கினாலும் சரி. காரணத்தைச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

பதினைந்து நிமிஷத்தைத் தாண்டிவிட்டேன் என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். 

— முன்னாள் மாணவர், வேதியியல், 1982–85